வெள்ளைக் கோட்டுப் படம்

ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன். கோமு அக்கா ப்ளஸ் டூவுக்குப் போகவில்லை.

வயிற்றுவலி என்று படுத்திருந்தாள். அம்மா வெந்தயம் விழுங்கக் கொடுத்தாள். அப்பா, "மொத நாள் என்ன பாடமா நடத்தப் போறாவ, நாளைக்குப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். மாலை நான் திரும்பியபோது அவளுடைய யூனிஃபார்ம் இஸ்திரி போட்டபடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 5, வியாழன்

வயிற்றுவலி இல்லையாம். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் நிறுத்தி, "கெளம்பு, நானே கொண்டு விடுதேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"நான் போவலப்பா."

"இன்னைக்கா?"

"இனிமேலயே."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "என்னட்டி சொல்லுத?"

"படிப்பு வேண்டாம்மா. ப்ளஸ் டூவும் வேண்டாம், அதுக்கு மேலயும் வேண்டாம்."

கடையில் டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னாள். அப்பா வண்டியை அணைக்க மறந்துவிட்டார். நான் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா எங்கள் அறையைச் சோதித்தாள். மெத்தையைத் தூக்கினாள், புத்தக அட்டைகளைப் பிரித்தாள், அக்காவின் பழைய ஸ்கூல் பையை உதறினாள். "எவனோ இருக்கான், இல்லாட்டி இப்படிப் பேச மாட்டா" என்று அத்தையிடம் போனில் சொன்னாள். யாரும் இல்லை. வேதியியல் ரெக்கார்டின் பின்பக்கத்தில் அக்கா ஏதோ நாலு வரி எழுதியிருந்தாள். 'தூங்கி எழுந்தால் வேறு யாராவது ஆகியிருக்க வேண்டும்' என்று ஒரு வரி. அதையும் அம்மா அத்தைக்கு வாசித்துக் காட்டினாள். அக்கா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அதனால்தான் இந்த நோட்டை ஒளித்து வைக்கிறேன். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. ஃப்ளெக்ஸ் சுற்றி வரும் தடித்த அட்டைக்குழாய் ஒன்று எங்கள் அறை மூலையில் நிற்கிறது. நோட்டைச் சுருட்டினால் அதற்குள் போய்விடும். அக்கா தூங்கிய பிறகு பாத்ரூம் விளக்கைப் போட்டு, கதவை ஒருக்களித்து, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்துத் தெருவில் தறி ஓடும் சத்தத்தில் பேனா சத்தம் யாருக்கும் கேட்காது.

பயமாக இருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 9

எங்கள் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளை அப்பா ஸ்க்ரூடிரைவரால் கழற்றிவிட்டார். துருப்பிடித்துவிட்டதாம். நான் பார்த்தேன், துரு இல்லை.

ஜூன் 14, சனி

அம்மா கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்து அக்காவுக்குக் கொடுத்தாள். எங்கள் ஊரில் எல்லா நோய்க்கும் அதுதான். அக்கா மறுக்காமல் குடித்தாள். டம்ளரின் அடியில் நின்ற மண்ணை என்னிடம் காட்டி, "இதுலயும் பாஸ் மார்க்கு இல்ல போல" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். பிறகு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ எங்க போனாலும் ஒரு கண்ணு வச்சிக்கோ, என்ன" என்றாள்.

"வீட்டுக்குள்ளயாம்மா?"

"வீட்டுக்குள்ளதாம்ளா."

ஜூன் 20, வெள்ளி

கோவில்பட்டியிலிருந்து மாமா வந்தார். அக்காவை எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய ஆபீசில் படித்தவன் எப்படி, படிக்காதவன் எப்படி என்று. அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மாமா, "அப்போ திங்கக்கெழம போற?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"அப்புறம் எதுக்குத் தலைய ஆட்டுன?"

"நீங்க சொன்னதெல்லாம் சரிதான் மாமா."

மாமா சாப்பிடாமல் போய்விட்டார். அப்பா, போனால் ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்றார். போகாவிட்டால் இனி பேச மாட்டேன் என்றார். இரண்டையும் ஒரே நாளில் சொன்னார். ராத்திரி அவரே, "கோமு, சாப்புட வாம்மா" என்று கூப்பிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா பத்தாம் வகுப்பில் நானூற்றுத் தொண்ணூற்று ஒன்று எடுத்தாள். ஊரிலேயே முதல். அப்போது அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபதடி உயரத்துக்கு அவள் படம் போட்டு பேனர் வைத்தார்.

அப்பாவின் கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைக் கோட்டு இருக்கிறது. ஸ்டெதஸ்கோப் மாட்டியது, கழுத்துக்கு மேல் வெறுமை. யார் தலையை வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். ரிசல்ட் வரும் மாதத்தில் சுற்றுப்பட்டி ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அந்தக் கோட்டைத்தான் அப்பா போடுவார். அக்காவுக்கும் போட்டார். 'எங்கள் ஊரின் நாளைய மருத்துவரே' என்று கீழே எழுதினார். பிறகு அத்தை ஒன்று வைத்தாள். நகைக்கடைக்காரர் வைத்தார், தெரு இளைஞர் மன்றம் வைத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா அதே படத்தைக் கொடுத்தார். தேரடியிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்கா கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். ஒரு பேனருக்குக் கீழே நின்று, "வெயில்ல நிக்காளே புள்ள" என்று சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ப்ளஸ் ஒன்னில் அவளுக்கு இயற்பியலில் முப்பத்தெட்டு.

ஜூன் 29, ஞாயிறு

அப்பா கடை கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். என்னை வெள்ளைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்தார்.

"நிமிந்து நில்லு வல்லி. பத்தாங்கிளாஸ்லா, சும்மா எடுத்து வைக்கேன். மே மாசம் வெயில்ல கருத்துப் போவ."

க்ளிக் செய்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "அக்காவுக்குக் கோட்டுப் போட்டாச்சு. ஒனக்கு என்ன போட? கலெக்டருக்குத் தனியா டிரெஸ் கெடையாதே" என்று சிரித்தார். இந்த மாதத்தில் அவர் சிரித்தது இதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

ஜூலை 10, வியாழன்

கணக்குப் பரீட்சை. நான் முடித்தபோது பெல் அடிக்க நிறைய நேரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கம்பியைக் கொண்டுவந்து கூட்டில் சொருகப் பார்த்தது. நாலைந்து தடவை கீழே போட்டது, நாலைந்து தடவையும் இறங்கி எடுத்துக்கொண்டு போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி இரண்டு கணக்குகளை எழுத நேரம் போதவில்லை.

ஜூலை 16

அறுபத்தெட்டு. ஜெயராணி டீச்சர் பேப்பரைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே, "வரைபடம் எங்க செண்பகவல்லி? கிராஃப் ஷீட்டு வெறுந்தாளா இருக்கு" என்றார். நேரம் போதவில்லை டீச்சர் என்றேன். "வீட்டுல அக்கா விஷயமா ஏதும் தொந்தரவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அது சுலபமாக இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

அம்மா என்னையும் அக்காவையும் பூ வாங்க அனுப்பினாள். வீட்டிலிருந்து பூ மார்க்கெட் நேர் ரோடு. அக்கா சந்துக்குள் திரும்பி, அரிசி மில்லைச் சுற்றி, சாக்கடையைத் தாண்டி என்னைக் கூட்டிப் போனாள். மார்க்கெட் வாசலில் நின்றுகொண்டு, "நீ போயி வாங்கிட்டு வா, நான் இங்கன நிக்கேன்" என்றாள்.

திரும்பும்போது நான் நேர் ரோட்டில் நடக்கத் தொடங்கிவிட்டேன். அவளும் பின்னால் வந்தாள். டீக்கடையில் நின்ற பையன்களில் ஒருவன், "டாக்டரம்மா, தலவலிக்குது, ஊசி போடுவியளா?" என்றான். இன்னொருவன் மேலே கையைக் காட்டினான். டீக்கடைக்கு முன்னால் வெயிலுக்குக் கட்டியிருந்த படுதா அக்காவின் பேனர். வாய்க்கு நேரே கயிறு போக ஓட்டை போட்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் பழைய ஃப்ளெக்ஸை யாரும் எறிவதில்லை. அந்த பேனர்களைக் கழற்றியதும் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா தூக்கிக் கொடுத்தார். மழைக்கு ஒழுகாது, வெயிலுக்கு நிழல். எல்லோரும் அவரை வாழ்த்திவிட்டு வாங்கிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வாசல்படியில் உட்கார்ந்தாள். பூவை என்னிடமிருந்து வாங்கிக் கட்ட ஆரம்பித்தாள். அவள் கட்டினால் நெருக்கமாக இருக்கும்.

ஆகஸ்ட் 7

ஆடித்தபசு, எங்கள் கோயில் திருவிழா. அப்பாவுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் பேனர் வேலை. அம்மா கோயிலில் ஆடிச்சுற்று சுற்றினாள். நூற்றெட்டு முறை. நான் தண்ணீர் பாட்டிலோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். முடித்து வந்து என் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு முப்பிடாதி அத்தை, "என்ன வேண்டுனிய மதினி, புள்ள படிக்கணும்னா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் ஆரம்பிச்சேன். பாதிச் சுத்துக்கு மேல படிப்பெல்லாம் மறந்துபோச்சு. அவ இருந்தாப் போதும்னு வந்துருச்சு வாயில."

"எங்க போவப் போறா, வீட்டுலதான இருக்கா."

அம்மா பாட்டிலை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

விடுமுறை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். ஒருவர் வேட்டியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்பா கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, போன வருசம் நீங்க அடிச்ச படமே இருக்கட்டும்" என்றார் இன்னொருவர். "அதுலதான் புள்ள நல்லா சிரிச்ச மாரி இருக்கு."

படம் திரையில் வந்தது. ஒரு அக்கா. எங்கள் கோமு அக்கா வயதுதான். அதே வெள்ளைக் கோட்டு, அதே ஸ்டெதஸ்கோப். அப்பா கீழே இருந்த 'நாளைய மருத்துவரே' என்ற வரியை அழித்தார். அந்த இடத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"கோட்டு இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. அவ அம்மை ஆசப்படுதா."

அவர்கள் போன பிறகு, "என்ன ஆச்சுப்பா அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"காய்ச்சலாம்" என்றார் அப்பா. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. கடையைப் பாதியில் அடைத்துவிட்டு என்னையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நேராக எங்கள் அறைக்குப் போனார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் விழித்து, "என்னப்பா?" என்று எழுந்தாள்.

"ஒன்னுமில்ல. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"சரி, படு. படும்மா."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா நாலைந்து புதுத் தார்ப்பாய் வாங்கி வண்டியில் வைத்துக் கட்டினார். "வல்லி, கூட வா, பிடிக்க ஆளு வேணும்" என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

முதலில் டீக்கடை. கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, புள்ள டாக்டராயிட்டு வந்து தெறந்து வப்பான்னு பாத்தா, நீங்க கழத்த வந்திருக்கிய" என்றார்.

"புதுசு கட்டித் தாரேன்."

"இது நல்லாத்தான இருக்கு. ஒரு மழைக்கும் ஒழுகல."

"இருக்கட்டும், புதுசு கட்டித் தாரேன்."

அப்பா ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். ஒரு பக்கம் விட்டதும் அக்காவின் முகம் சரிந்து அவர் தலைமேல் விழுந்தது. அவர் அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றார். நான் இழுத்து எடுத்தேன்.

அடுத்து ரயில்வே கேட் பக்கம் ஓர் ஆட்டுக்கொட்டகை. அந்த ஆச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எங்குட்டிய எல்லாம் இந்தப் புள்ள மொகத்தப் பாத்துத்தான்யா படுக்கும்" என்றாள். ஆடுகள் கோட்டைக் கடித்துத் தின்றிருந்தன. ஸ்டெதஸ்கோப்பை மட்டும் விட்டுவைத்திருந்தன. அப்பா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்.

மாலையில் எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து போட்டோம். சாணி வாடை, டீ வாடை. அக்கா வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"இவ்வளவுதாம்மா, எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன்" என்றார் அப்பா.

"இன்னும் இருக்குப்பா" என்றாள் அக்கா. "அரிசி மில்லு பின்னாடி தறிக்கொட்டகையில, நூல் மேல மூடிக் கெடக்கு. பூ மார்க்கெட்டுல நொழஞ்சதும் வலது கைப்பக்கம், ரோசாப்பூ விக்கிறவர் கூடைக்கு அடியில. எங்க ஸ்கூல் பஸ் நிக்கிற எடத்துல வெள்ளரிக்கா வண்டிக்கு மேல ஒன்னு. வாட்டர் டேங்க் பக்கம் ஒரு ஆட்டோ, அதுக்கு உள்பக்கம் தச்சிருக்காவ. அதுல ஒரு நாள் ஏறிட்டேன். எறங்குற வரைக்கும் குனிஞ்சே இருந்தேன்."

பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். அப்பா குந்த உட்கார்ந்து, மடித்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸைப் பிடித்தபடியே கேட்டார்.

"ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க எல்லார்ட்டயும் சந்தோசமா குடுத்தியல்லா."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அவள் சொன்னவற்றையும் கொண்டுவந்தாகிவிட்டது. ஆட்டோக்காரரிடம்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

அப்பா பேனர் வெட்டும் கத்தியை எடுத்தார். அம்மா ஓடி வந்து, "மொகத்துல கத்தி வைக்காதிய, நீங்க நல்லாருப்பிய" என்று கையைப் பிடித்தாள். அதனால் அவர் கோட்டை மட்டும் வெட்டினார். மதியம் முழுக்க வெட்டினார். முற்றம் நிறைய வெள்ளைத் துண்டுகள். மிஞ்சிய முகங்களை அம்மா சுருட்டி, பழைய சேலையில் கட்டிப் பரணில் ஏற்றினாள்.

பிறகு அப்பா கைகளைக் கழுவிக்கொண்டு வந்து அக்காவின் எதிரே உட்கார்ந்தார். "எல்லாம் எடுத்தாச்சு. ஒருத்தனும் ஒன்னும் சொல்ல முடியாது. ஹெட்மிஸ்ட்ரஸ்ட்ட பேசிட்டேன். பரீட்சைக்குப் பேரு அனுப்புறதுக்குள்ள வந்தாச் சரின்னு சொல்லுதாவ. நாளைக்குப் போறியாம்மா?"

அக்கா அவரையே பார்த்தாள்.

"இதையும் அதுக்குத்தான் செஞ்சியளாப்பா?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். அவர், "ஆமா" என்றார்.

அக்கா எழுந்து அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளிருந்து, "எங்க ரூமு கூர மேல ஒன்னு கெடக்குப்பா. ஒழுகுதுன்னு நீங்கதான் போட்டிய. குப்புறக் கெடக்கு" என்றாள்.

அப்பா ஏணியைச் சாத்தி ஏறினார். கல்லெல்லாம் நகர்த்தும் சத்தம் தலைக்கு மேல் கேட்டது. ஒரு வருஷமாக நாங்கள் அதற்குக் கீழேதான் தூங்கியிருக்கிறோம். தார்ப்பாய் தீர்ந்துவிட்டது. "மழைக்கு முன்னால வாங்கிப் போடுதேன்" என்று மேலிருந்தே சொன்னார்.

செப்டம்பர் 9

காலையில் பால் வாங்க அக்கா தானாகவே போனாள். நேர் ரோட்டிலேயே போனாள். டீக்கடையில் புது நீலத் தார்ப்பாய். அம்மா வாசலில் நின்று அவள் முதுகையே பார்த்தாள். திரும்பி வந்ததும் பால் தூக்கை வாங்கிக்கொண்டு, "இன்னைக்கு என்னமோ பாலு கெட்டியா இருக்கு" என்றாள். வழக்கமான பால்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

ப்ளஸ் டூ பரீட்சைக்குப் பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்க எனக்கு லீவு. அப்பா கடைக்குப் போகவில்லை. சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டிச் சாவி மேஜைமேல் இருந்தது. அக்கா குளித்தாள், துணி துவைத்தாள், கீரை ஆய்ந்தாள். பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆனதும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அக்காவின் யூனிஃபார்ம் தொங்கிய அதே ஆணி. யூனிஃபார்மை அம்மா எப்போதோ எடுத்து வைத்துவிட்டாள் போல.

நான் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்து அவர்கள் பேசினார்கள்.

"நாமதான் கெடுத்தோம் பேச்சி. படிக்கிற புள்ளய ஊரு பாக்கத் தொங்கவிட்டுட்டேன்."

"நீங்க மட்டுமா. நான் ஒவ்வொன்னாப் போயிப் பாத்துட்டு வரலியா."

"சின்னவளையாவது விட்டுருவோம். அவளுக்கு அவ்வளவுதான் வருது, வந்தது போதும். ஒன்னும் சொல்லாத. அவ போட்டோவையும் அழிச்சிட்டேன்."

நான் விரும்பியது அதுதான். அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்காமல் இருந்திருக்கலாம். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

செப்டம்பர் 23

காலாண்டு கணக்குப் பரீட்சை. நேரம் போதவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ரேங்க் கார்டு. கணக்கில் அறுபத்திரண்டு. போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் தொண்ணூற்றேழு. ஜெயராணி டீச்சர் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. என்னை முதல் பெஞ்சிலிருந்து மூன்றாவது பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். மார்க்கைப் பார்க்கவே இல்லை. "போதும்ளா. நல்லா சாப்புடு, நல்லா தூங்கு" என்று என் தலையைத் தடவினார். அந்தக் கை கனமாக இருந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை. மத்தியானம் பிடித்தது, விளக்கேற்றும் நேரம் வரை விடவில்லை. அப்பா தீபாவளி பேனர் வேலையில் தார்ப்பாயை மறந்துவிட்டார். எங்கள் அறையில் மூன்று இடத்தில் ஒழுகியது. ஒரு இடத்தில் வாளி, ஒரு இடத்தில் குண்டான், இன்னொரு இடத்தில் என் டிபன் பாக்ஸ். அட்டைக்குழாயை நனையாத மூலைக்கு நான் நகர்த்தினேன். என்ன இருக்கிறது அதில் என்று அக்கா கேட்கவில்லை.

அவள் என் புத்தகங்களைக் கட்டில்மேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். கணக்குக் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள்.

"நாப்பத்திநாலாங் கேள்வி எழுதலியா?"

"நேரம் போதல."

"இது மே மாசம் நான் ஒனக்குச் சொல்லிக்குடுத்தது."

"மறந்துட்டேன்."

"பென்சில எடு."

அவள் கிராஃப் ஷீட்டைத் தரையில் நனையாத இடமாகப் பார்த்து விரித்தாள். நான் குப்புறப் படுத்துப் போட்டேன். அட்டவணை எழுதி, அளவு எடுத்து, புள்ளிகளை வைத்து, வளைகோட்டை இழுத்தேன். பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லித் தந்தாள். வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நான் தலையை நிமிர்த்தியபோது அவள் கிராஃபைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறந்தவ இப்படிப் போட மாட்டா."

நான் ரப்பர் தூளை ஊதினேன்.

"எனக்கு நெசமாவே வரல வல்லி" என்றாள். "ஃபிசிக்ஸ் புஸ்தகத்தத் தொறந்தா எழுத்துதான் தெரிஞ்சுது. வாசிப்பேன், உள்ள போவாது. பேனர் இல்லாட்டியும் வந்திருக்காதோ என்னவோ. எனக்கே தெரியல. ஆனா ஒனக்கு வருதுல்லா. வாரத வரலன்னு எழுதிட்டு வராத."

"அப்புறம் போட்டோ எடுப்பாவ."

"எடுத்தா என்ட்ட சொல்லு."

"நீ அப்பாட்ட என்ன சொல்லுவ?"

"தெரியல. ஏதாவது சொல்லுவேன்." பிறகு, "நான் எனக்கே ஒன்னும் சொல்லிக்கத் தெரியாம ஒரு வருசம் இருந்துட்டேன். ஒனக்குன்னா வாயி வரும்" என்றாள்.

அதற்குள் அப்பா குனிந்துகொண்டே உள்ளே வந்தார். தலையில் சாக்கு. வாளி நிறைந்திருந்தது. அதைத் தூக்கப் போனவர் தரையில் கிடந்த கிராஃபைப் பார்த்துவிட்டு நின்றார்.

"யாரு போட்டது?"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"வல்லி" என்றாள் அக்கா. "பத்து நிமிசம்கூட ஆவல."

அப்பா ஈரக்கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, தாளை ஓரத்தில் பிடித்து எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். பக்கத்தில் கேள்வித்தாள் கிடந்தது. நாற்பத்துநாலாம் கேள்வியைச் சுற்றி அக்கா வட்டம் போட்டிருந்தாள். அவர் அதையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டபோது மார்க்கைப் பார்க்காமல் விட்டதை இப்போது நினைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"எத்தன நாளாம்மா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"நேரம் போதலப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். தாளை நனையாத அலமாரித் தட்டில், எடுத்துப் பார்க்கும்படி மேலாக வைத்தார். அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கேதான் போன் இருக்கிறது. எது நல்லதாகப் பார்த்தாலும் அவர் கை அங்கேதான் போகும். விரல் போனைத் தொட்டது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

"நல்லா இருக்கு" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அவர் எடுத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இந்நேரம் வரை யோசிக்கிறேன். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கை திரும்பி வந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 28

கணக்கு டெஸ்ட். வரைபடமும் போட்டேன். நேரம் இருந்தது.